செவ்வாய்க்கிழமை ராகு காலம்

காகிதத்தின்படி கார் இரண்டு ஐம்பதுக்கே கைமாறிவிட்டது. இப்போது மணி மூன்று இருபது. கார்த் திறப்பு இன்னும் மார்க்கண்டுவின் கையில் இருந்தது, அவரும் இன்னும் காருக்குள்தான் இருந்தார், பன்னிரண்டு வருடமாக அவருடைய முதுகுக்கென்றே பள்ளம் விழுந்த சாரதி ஆசனத்தில், எஞ்சினைப் போடாமல், கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டு. வாங்கியவன் பஸ் பிடித்துத் தமிழ்க் கடைக்குப் போயிருந்தான். நாலு சில்லுக்கும் வைக்க நாலு தேசிக்காய், ஒரு பெட்டி கற்பூரம். நாலரை தாண்டித்தான் வந்து திறப்பைத் தொடுவானாம். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். ராகுவுக்கு இந்த நாட்டில் வதிவிட அனுமதி கொடுத்தவர் யார் என்று மார்க்கண்டு நினைத்தார். நினைத்ததுமே அது ஒரு துண்டுப்பிரசுரத்தின் முதல் வரி மாதிரி இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாக அவருக்கு எண்ணங்கள் அப்படித்தான் வருகின்றன, தலைப்போடும் ஆச்சரியக்குறியோடும். ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊரில் போட்ட கணக்கு. பாரிஸின் வடக்குப் புறநகரில் மார்கழி மாதம் சூரியன் எட்டரைக்கு எழும்புகிறது, அதுவும் எழும்பியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ராகு மட்டும் சரியாக மூன்று மணிக்கு வந்து வேலைக்கு நிற்கிறான். இந்தச் சிரிப்பு அவருக்குத் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. ஏனென்றால் அந்த மூன்று மணியால்தான் இந்த ஒன்றரை மணித்தியாலம் அவர் கையில் விழுந்திருந்தது. இந்த நாட்டில் காரை விற்பவன் பதிவு அட்டையின் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். அதன் மேல் விற்றாயிற்று என்றும், திகதியும், மணியும், நிமிடமும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த நிமிடத்துக்கு முன்னால் கார் செய்ததெல்லாம் விற்றவனின் தலையில். அதற்குப் பின்னால் செய்வதெல்லாம் வாங்கியவனின் தலையில். இரண்டு ஐம்பது என்று எழுதச் சொன்னவன் வாங்கியவனே. பெரிய வீதியில், சவக்காலைக்கு முன்னால், வேகம் பிடிக்கிற கமரா ஒன்று நிற்கிறது.

கோகுலராஜன் ஒன்றரைக்கு வந்தான். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே ஐயா என்றான். வாட்ஸப்பில் படத்தைப் பாத்த உடன பிடிச்சுப்போச்சு ஐயா, பழசெண்டாலும் நல்லா வைச்சிருக்கிறியள் ஐயா. டீசல் காரைப் பட்டணத்துக்குள் இனி விடமாட்டார்கள், அவன் இருப்பது தூரத்தில், அங்கே ஓடலாம். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறதாம். போன மாசம்தான் வதிவிட அட்டையும் கிடைத்ததாம், லைசன்ஸும் கிடைத்ததாம். "புது லைசன்ஸ் ஐயா, ஆறு பொயின்ற்தான் தருவாங்கள். பிழை விட்டா வெட்டுவாங்கள், ஆறும் முடிஞ்சா லைசன்ஸ் இல்லை. அது போனா வேலையும் போச்சு," என்று தானாகவே சொன்னான், மனதில் ஒன்றும் இல்லாத மனிதன் மாதிரி. மார்க்கண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனுடைய வதிவிட அட்டையைப் பார்த்துப் பெரிய எழுத்தில் படிவத்தை நிரப்பினார். இந்த நாட்டில் தமிழர் எல்லோருக்கும் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். அகதிப் படிவம் நிரப்பிய முதல் நாள் எவனோ மாற்றி எழுதினான், அதற்குப் பிறகு எல்லோரும் அப்படியே. விசுவ என்று எழுதும்வரை கை ஓடியது. லிங்கம் என்று முடிக்கும்போது பேனை நின்றது. "புளியடிச் சந்தியில தேத்தண்ணிக் கடை வைச்சிருந்த விசுவலிங்கமோ?" என்று கேட்டார். அவனுடைய முகம் அப்படியே விரிந்தது. "ஓமய்யா! எங்கட அப்பாதான். செத்துப் பதினொரு வருசம். அவரைத் தெரியுமோ உங்களுக்கு?" "தெரியும். அவற்ர கடையில தேத்தண்ணி குடிக்க வந்தனான்." "அட, அப்ப எங்கட ஊரெல்லோ! எந்தப் பக்கம் நீங்கள்?" எந்தப் பக்கம். இந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் மைல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! விமானத்தில் இருபது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள், இதை மட்டும் எந்தத் தராசும் பிடித்ததில்லை. "குளத்துக்கு அங்கால," என்றார் மார்க்கண்டு. கோகுலராஜனின் கண் மெதுவாக இறங்கி மேசையில் கிடந்த கார் அட்டைக்குப் போனது. சின்னான் மார்க்கண்டு. அவன் அதை அதற்கு முன்னும் பார்த்தவன்தான், இப்போதுதான் வாசித்தான். உதடு அசைந்தது. "அப்படியோ அண்ணை," என்றான். ஐயா அண்ணையாகிவிட்டது. எழுபத்தைந்து வயது மனிதன் ஒரு நொடியில் அவனுக்குத் தமையன் வயதுக்கு இறங்கிவிட்டான். மனைவி பூமணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், தட்டில் முறுக்கும் இருந்தது. "வயித்துக்க சரியில்லை அக்கா. ரின்னில ஏதும் கிடந்தாத் தாங்கோ," என்றான். அவள் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு சோடா ரின் எடுத்துக் கொடுத்தாள். அவன் அதன் வாயைக் கடதாசியால் துடைத்து, உடைத்து, நின்றபடியே அண்ணாந்து குடித்தான். வயிறு சரியில்லாதவன், மார்கழிக் குளிரில், ஐஸ் மாதிரியான சோடாவை. பிறகு கைபேசியில் பஞ்சாங்கத்தைப் பார்த்து, "மூண்டு அஞ்சாப் போச்சு. ரெண்டு ஐம்பது எண்டு போட்டுவிடுங்கோவன். திறப்பு உங்களிட்டையே கிடக்கட்டும், நாலரை தாண்ட வந்து எடுக்கிறன்," என்றான். இந்த முறை அண்ணையும் இல்லை. இரண்டு படி இறங்கியாயிற்று, இரண்டு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. மார்க்கண்டு அவன் சொன்னபடியே எழுதினார். ஒரு பிரதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவன் போனான். கையால் தேத்தண்ணி வாங்கமாட்டான், காரைக் கையில் விட்டுவிட்டுப் போவான்.

கமரா முகத்தைக் கேட்காது, காரைத்தான் கேட்கும். கடிதம் முதலில் மார்க்கண்டுவுக்குத்தான் வரும். தன்னிடம் உள்ள பிரதியை இணைத்து ஒரு முத்திரை ஒட்டித் திருப்பி அனுப்பினால் நேரே அவனிடம் போகும். இரண்டு தரம் போய்வந்தால் ஆறு பொயின்றும் போய்விடும். ஐம்பதுக்கு மேல் ஓடக்கூடாத வீதியில், இரண்டு தரம், எண்பத்தைந்தில், தரத்துக்கு மூன்று பொயின்ற். அவன் மறுத்து எழுதினால் படம் அனுப்புவார்கள், அனுப்பட்டும், அந்தப் படத்தில் யார் இருக்கிறார் என்று அவன் பார்க்கட்டும். முகத்தை மறைத்துக்கொண்டு எதையும் செய்து மார்க்கண்டுவுக்குப் பழக்கமில்லை. அன்றைக்கும் மறைக்கவில்லை. அறுபத்தெட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பேர். கடைக்கு உள்ளே உட்கார வாங்கும், குடிக்கக் கண்ணாடிக் கிளாஸும். பின்பக்கம், குளத்துக்கு அங்காலிருந்து வருகிறவர்களுக்கு, ஆணியில் தொங்குகிற தகரப் பேணிகள். நின்று குடித்துவிட்டுக் கழுவித் திரும்பத் தொங்கவிட வேண்டும். ஐந்து பேரும் முன்வாசலால் போய் வாங்கில் இருந்தார்கள். இவருக்குப் பதினெட்டு வயது. மடியில் துண்டுப்பிரசுரக் கட்டு, இரவு முழுக்க றோணியோ அச்சு மெசினில் சுற்றியது, விரலெல்லாம் மை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு விட்டது, மிச்சப் படிப்பெல்லாம் அந்தத் தாள்களில்தான், ஒரு சதத்துக்கும் இரண்டு சதத்துக்கும் விற்ற மெல்லிய புத்தகங்களில்தான். உலகத்தில் எந்த ஊரில் எந்த ஆலையில் வேலைநிறுத்தம் என்று கேட்டால் சொல்லுவார். விசுவலிங்கம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு காலம் நினைவிருக்காது. "இருங்கோ தம்பியவை, இருங்கோ," என்று சிரித்துக்கொண்டே கேத்திலைத் தூக்கி வந்தான். வாங்கில் ஊன்றியிருந்த இவருடைய இடது கையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினான். அளவாக, ஒரு கிளாஸ் நிறைகிற அளவுக்கு. பொலிஸ் வந்து இவர்களைத்தான் பிடித்துக்கொண்டு போனது. ஆறு நாள் உள்ளே. கை கொப்பளித்து உடைந்து ஆறியது, அது போகட்டும், அதை அவர் மேடைகளில் நூறு தரம் தூக்கிக் காட்டியிருக்கிறார், அதற்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். மேடையில் சொல்லாதது மற்றது. மூன்றாம் நாள் இவருடைய தகப்பன் கடைக்குப் போயிருக்கிறார். சால்வையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் நின்று, பொடியன் படிச்சுக் கெட்டுப்போனான், மன்னிக்கோணும் ஐயா. மன்னிக்கோணும் ஐயா. விசுவலிங்கம் பேணியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தானாம். தகப்பன் குடித்தாராம். வெளியே வந்த அன்று சந்தியால் போன மார்க்கண்டுவைக் கூப்பிட்டு விசுவலிங்கமே சொன்னான், நாலு பேருக்குக் கேட்க: "கொப்பன் வந்து குடிச்சிட்டுப் போனவன்ரா. நல்ல மனுசன்." அதற்குப் பிறகு நாலு வருடம் மார்க்கண்டு தகப்பனோடு கதைக்கவில்லை. ஒரே கூரை, ஒரே பானை, நாலு வருடம். ஐந்தாம் வருடம் கதைக்கலாம் என்று நினைத்தபோது தகப்பன் இல்லை. எதிரி தனி மனிதன் அல்ல, அமைப்பே எதிரி. இந்த வரியை எழுதியது அவரேதான், மூன்று பிரசுரங்களில் எழுதினார். சரியான வரிதான். ஆனால் அமைப்புக்குக் கேத்தில் பிடிக்கக் கையில்லை, கொப்பன் வந்து குடிச்சிட்டுப் போனவன்ரா என்று சொல்ல வாயில்லை. கையும் வாயும் விசுவலிங்கத்துக்கு இருந்தன. அவன் இவருக்குத் தப்பிச் செத்துப்போனான். கட்சி இரண்டாகி நாலாகிக் காணாமல் போனது, கூட வாங்கில் இருந்த நாலு பேரில் ஒருவன் இப்போது கனடாவில் கோயில் தர்மகர்த்தா. மிஞ்சியது இந்த ஒன்றரை மணித்தியாலம். அதிலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் இப்படியே இருந்து தீர்ந்துவிட்டது.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். பூமணி, தலையில் பிளாஸ்ரிக் பை. "இஞ்சேருங்கோ, என்ன இது, குளிருக்க குந்திக்கொண்டு? அவன்ர காரெல்லே இப்ப." "ராகு காலம் முடியட்டும்." "நீங்கள் எப்பயிருந்து ராகு காலம் பாக்கத் தொடங்கினனீங்கள்?" அவர் திறப்பைக் கைக்குள் மூடினார். "அந்தப் பொடியன் தொடாத தேத்தண்ணியை நான் குடிச்சிட்டன். சீனி போட்டுக் கலக்கினது, ஊத்தவே மனம் வரேல்லை," என்று சொல்லிவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்பது மாதிரிப் படியேறிப் போனாள். மார்க்கண்டு திறப்பைத் திருகினார். ஆறிப்போனதை, அவன் வேண்டாம் என்று தள்ளியதை, நின்றுகொண்டே குடித்திருப்பாள், குசினிக்குள், கழுவி வைத்திருப்பாள். தகப்பனும் நின்றுதான் குடித்திருப்பார். கார் ஒழுங்கையைத் தாண்டிப் பெரிய வீதியில் ஏறியது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், காருக்குப் பின்னால் கார், நடப்பவர்கள் அவரை முந்திக்கொண்டு போனார்கள். இருபது. பதினைந்து. ஒரு தாய் மூன்று பிள்ளைகளை வெள்ளைக் கோட்டில் கடத்திக்கொண்டு போகும்வரை நின்றார். அவர்களுக்கு நல்லது, இவருக்கு நேரம் போகிறது, நாலு ஐந்து, நாலு எட்டு. வாழ்க்கை முழுக்க இப்படித்தான், ஊர்வலம் புறப்படும்போது மழை வரும், மேடை கட்டி முடிக்கும்போது கூட்டம் கலையும், பழிவாங்கப் புறப்பட்டால் முன்னால் ஒரு பஸ். மனிதன் வேகமாகப் போவதற்குக்கூட ஒரு அரசாங்கம் வழிவிட வேண்டியிருக்கிறது. ரொட்டிக் கடை தாண்டியது, மருந்துக் கடை தாண்டியது, பஸ் வலப்பக்கம் திரும்பியது. திரும்பியதும் வீதி திறந்தது. நேரே, ஈரமாக, ஆள் இல்லாமல், இடப்பக்கம் முழுக்கச் சவக்காலையின் நீண்ட மதில். மதில் முடிகிற இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி. கால் பெடலைத் தேடியது. அப்பு, என்றார் மார்க்கண்டு வாய்விட்டு. எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. தகப்பனைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லைச் சொல்லி ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. மதில் ஓரத்திலிருந்து ஒரு கை வெளியே வந்து, மேலும் கீழும் அசைந்து, ஓரமாக நிற்கச் சொன்னது.

பொலிஸ்காரி. இருபத்தைந்து வயதிருக்கும், தொப்பியிலிருந்து மழை சொட்டியது. இருட்டுகிறதே முசியே, விளக்கைப் போடவில்லையே என்றாள். உண்மைதான், போடவில்லை. காகிதங்களைக் கேட்டாள், கொடுத்தார். குறுக்கே கோடு விழுந்த அட்டையைக் கைவிளக்குக்குக் கீழே பிடித்து வாசித்தாள். "இது விற்ற கார், முசியே. இன்றைக்கு, இரண்டு ஐம்பதுக்கு." "ஆம்." "அப்படியானால் இது உங்களுடையதல்ல." "அல்ல." "யாருடையது?" மார்க்கண்டு வாயைத் திறந்தார். இந்த நாட்டு மரியாதை அவருடைய நாக்கைப் பிடித்து இழுத்தது, "முசியே விசுவலிங்கம்," என்று சொன்னார். சொன்னபின் அந்த முசியே பல்லில் மண் மாதிரி நெருடியது. "நீங்கள் ஓட்டுவது அவருக்குத் தெரியுமா?" தெரியும் என்றால் அவனுடைய நிழலில் ஒதுங்க வேண்டும். தெரியாது என்றால் கள்ளன். குளத்துக்கு அங்கால் இருக்கிறவர்களைப் பற்றி விசுவலிங்கத்தின் ஆட்கள் எப்போதும் சொல்லி வந்த சொல், எழுபத்தைந்தாம் வயதில் பிரெஞ்சுக் கையெழுத்தோடு உறுதியாகிவிடும். அவர் பேசாமல் இருந்தார். பொலிசுக்கு முன்னால் பேசாமல் இருப்பது பழைய பழக்கம், அதில் அவர் கெட்டிக்காரர், ஆறு நாள் இருந்து காட்டியவர். "அவரைக் கூப்பிடுங்கள்," என்றாள் அவள், பொறுமையாக. வேறு வழி இல்லை. எண்ணை அழுத்தி, சத்தமாகக் கேட்க விட்டுப் பிடித்தார். கோகுலராஜன் எடுத்தான். அவள் இடத்தையும் விசயத்தையும் சொன்னாள். வயதான முசியே ஒருவர், உங்கள் காரில், உங்களுக்குத் தெரியுமா? மார்க்கண்டு காத்திருந்தார். தெரியாது என்று சொல்லடா, என்று உள்ளே ஒன்று கேட்டது, சொல், உன் தகப்பனின் வாயால் சொல், எனக்கு அது போதும். "தெரியும் மதாம். நான்தான் ஓடச் சொன்னேன்," என்றான் கோகுலராஜன் உடைந்த பிரெஞ்சில், வேகமாக. "அவர் என் மாமா." பிரெஞ்சில் அதற்கு ஒரே சொல்தான், பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் அதுவே போதும், ஒன்றும் கேட்காத சொல், குளத்துக்கு இங்காலா அங்காலா என்று பார்க்காத சொல். அவள் சிரித்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். விளக்கைப் போடுங்கள், கவனமாகப் போங்கள், மருமகன் உங்களைத் தேடுகிறாரே என்றாள். அடுத்த காரை மறிக்கப் போய்விட்டாள்.

மார்க்கண்டு விளக்கைப் போட்டார். கார் நகரவில்லை. இடது கையை மடியில் வைத்து, பழைய வடுவை மற்றக் கையால் அமத்தினார். காப்பாற்றிவிட்டான். விசுவலிங்கத்தின் வீடு இன்னொரு தரம் ஊற்றிக் கொடுத்துவிட்டது, இவரும் வாங்கிவிட்டார். அவன் தன்னுடைய கார் பொலிசில் மாட்டக்கூடாது என்றுதான் சொன்னான், தன் அட்டைக்காகச் சொன்னான், ஆறு பொயின்றுக்காகச் சொன்னான், அது அவருக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு இலகுவாகச் சொன்னான்! கைபேசி இன்னும் அணையவில்லை.

"கேக்குதோ? விட்டிட்டாளோ?" என்றான் கோகுலராஜன். பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. "ஒண்டும் எழுதேல்லைத்தானே? இன்னும் பத்து நிமிசம் கிடக்கு நாலரைக்கு. நிண்ட இடத்திலயே நில்லுங்கோ, நான் அங்க வந்து எடுக்கிறன்."

"தம்பி," என்றார் மார்க்கண்டு. "இப்ப அவளுக்கு என்னெண்டு சொன்னனீ?"

"என்னத்தை?"

"நான் உனக்கு ஆரெண்டு சொன்னனீ?"

"அது... சும்மா. பொலிஸ் விடோணுமெண்டு..."

"அதைத் தமிழில சொல்லு."

மார்க்கண்டு எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி மேல் மழை கனத்தது.

"சொல்லு. திறப்பு என்னட்டைத்தான் கிடக்கு. பிரெஞ்சில டக்கெண்டு வந்துதெல்லே."

"வந்து நேர கதைப்பமே," என்றான் அவன். குரல் அடியோடு இறங்கிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற சத்தம். "பஸ்ஸுக்க எங்கட ஆக்கள் நிக்கினம்."

"நிக்கினமோ?" மார்க்கண்டு ஆசனத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "நல்லது. அப்ப உரத்துச் சொல்லு."